நாற்காலிப் போட்டியில் என் மகள்

காணும் பொங்கலன்று எங்கள் தெருவில் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் போட்டி நடக்கும். பெரிய ஏற்பாடு ஒன்றும் கிடையாது. மைதானம் என்று தனியாக இல்லை, தெருதான் மைதானம். டிராக்டர் வைத்திருப்பவர்கள் அதைக் கொண்டுபோய் ஏரிக்கரைப் பக்கம் நிறுத்துவார்கள், மாடுகளை வீட்டுக்குப் பின்னால் கட்டுவார்கள், கிடக்கிற கரும்புச் சோகையைக் கூட்டித் தள்ளிவிட்டுச் சுண்ணாம்பில் ஒரு கோடு இழுத்தால் வேலை முடிந்தது. மைக்செட் வைத்திருக்கும் தம்பி காலையிலேயே குழாயைக் கட்டிப் பாட்டைப் போட்டுவிடுவான். மத்தியானத்துக்குள் தெருவில் ஒருவர் பேசுவது இன்னொருவர் காதில் விழாது.

போட்டிகளும் எங்கேயும் நடப்பவைதான். கரண்டியில் எலுமிச்சம்பழத்தை வைத்து வாயில் கவ்விக்கொண்டு நடப்பது, சாக்குக்குள் காலை விட்டுக் குதிப்பது, ஊசியில் நூல் கோப்பது, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கயிற்றில் தொங்கும் பன்னைக் கடித்துத் தின்பது, மியூசிக்கல் சேர், கடைசியில் கண்ணைக் கட்டிக்கொண்டு பானை உடைப்பது. பரிசு எவர்சில்வர் டப்பா, சோப்பு டப்பா, தண்ணீர் பாட்டில். அதை வாங்க ஒவ்வொரு பிள்ளையும் மாவட்ட ஆட்சியரிடம் விருது வாங்கப் போவதுபோல் தலை வாரிக்கொண்டு போகும்.

இதில் மியூசிக்கல் சேரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வேறு ஊர்களில் அதை விளையாட்டு என்று சொல்வார்கள். எங்கள் தெருவில் அது அடிதடி. பாட்டு நின்றதும் பிள்ளைகள் ஒன்றன்மேல் ஒன்று விழும், இடுப்பால் இடிக்கும், சட்டையைப் பிடித்து இழுக்கும், உட்கார்ந்தவனை நாற்காலியோடு சேர்த்துக் கவிழ்க்கும். கவுன் கிழியும், முழங்கால் சிராயும். தாய்மார்கள் கோட்டுக்கு வெளியே நின்று, “முழங்கைய மடக்கி வச்சிகினு ஓடுடி” என்று பாடம் நடத்துவார்கள். நானும் நடத்தியிருக்கிறேன். போன வருடத்துக்கு முந்தின பொங்கலில் என் மகளுக்கு ஆடிக்கொண்டிருந்த பால் பல், பக்கத்து வீட்டுப் பெண் இடித்த இடியில் விழுந்தே விட்டது. பல்லைக் கையில் வைத்துக்கொண்டு ரத்த வாயோடு ஓடி வந்தாள். அவள் அப்பா பல்லை வாங்கிக் கூரைமேல் எறிந்துவிட்டு, “போ, இன்னும் ஆட்டம் முடியல” என்று திருப்பி அனுப்பினார். இடித்த பெண்ணும் இவளும் மறுநாள் ஒரே சைக்கிளில் பள்ளிக்கூடம் போனார்கள்.

அவள் அப்பாவுக்கு அந்தப் போட்டிகளில் நிரந்தர வேலை ஒன்று உண்டு. பானை கட்டிய கயிற்றை இழுப்பவர் அவர்தான். கண்ணைக் கட்டிய பையன் குச்சியை ஓங்கும்போது பானையைச் சட்டென்று மேலே தூக்குவார், காற்றில் அடித்துவிட்டு அவன் தள்ளாடும்போது அவன் தலையைத் தொடுகிற மாதிரி கீழே இறக்குவார். தெருவே சிரிக்கும். பானை உடைப்பது மட்டும் ஆண் பிள்ளைகளுக்கு. பெண் பிள்ளைகளுக்குக் கோலம். எனக்கும் அடிக்க வேண்டும் என்று மகள் நச்சரித்தபோது, “அடுத்த வருசம் நானே உனக்குக் கண்ணு கட்டி வுடறன்” என்றார். அந்த அடுத்த வருடத்துக்கு அவர் இல்லை.

ஆடி மாதத்தில் போய்ச் சேர்ந்தார். கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு இறங்குகிற குட்டி யானை வண்டி அவருடையது. மழை பெய்து ஓய்ந்திருந்த ஒரு மத்தியானம், வளைவில் வண்டி கவிழ்ந்து மூட்டைகளுக்கு அடியில் கிடந்தார். நான் கள்ளக்குறிச்சியில் நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு கடையில் மனு தட்டச்சு செய்கிறேன். யாருக்கோ வாரிசுச் சான்றிதழ் கேட்டு மனு அடித்துக்கொண்டிருந்தபோதுதான் போன் வந்தது. அந்த மனுவை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்தேன் என்று கடைக்காரர் பிறகு சொன்னார். எனக்கு நினைவில்லை.

எங்களுக்கு ஒரே பெண். அது தெரிந்ததிலிருந்து ஊரில் யாராவது ஒருவர், “கொள்ளி வைக்க ஒரு ஆம்பளப் புள்ள வேணாமா?” என்று கேட்டுக்கொண்டே இருப்பார். என் கணவர் கோபப்பட மாட்டார். “ஏன், எம் பொண்ணுக்குக் கையில்லியா?” என்று கேட்டுவிட்டுப் பேச்சை மாற்றுவார். அவர் உடம்பு வீட்டு வாசலில் கிடந்தபோது, அவருடைய அண்ணன் மகன் கொள்ளி வைப்பான் என்று ஆண்கள் கூடிப் பேசி முடித்து, பையனைக் குளிக்க அனுப்பியும்விட்டார்கள். நான் எழுந்து போய், என் மகள்தான் வைப்பாள், அவர் வாயால் சொன்னது என்றேன். பொட்டப்புள்ளைக்கு அந்த உரிமை கிடையாது என்று அவருடைய அண்ணன் சொன்னார். நான் விடவில்லை. கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். மழை இருட்டிக்கொண்டு வந்தது, உடம்பும் தாங்காது என்றார்கள், கடைசியில் அலுத்துப்போய் ஒப்புக்கொண்டார்கள். அப்போது அவள் நான்காம் வகுப்பு.

எங்களில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. தெருமுனையோடு நின்றுவிட வேண்டும். அதனால் என் மகள் ஊர் ஆண்களுக்கு நடுவில், கையில் தீச்சட்டியோடு தனியாகப் போனாள். தோளில் தண்ணீர்ப் பானையை வைத்துக்கொண்டு மூன்று சுற்று சுற்றி வந்திருக்கிறாள், ஒவ்வொரு சுற்றுக்கும் பானையில் ஓட்டை போட்டிருக்கிறார்கள், பின்புறமாகப் போட்டு உடைத்திருக்கிறாள். இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த சடங்கு என்பதால் சொல்கிறேன், அவள் சொல்லி அல்ல. திரும்பி வந்தபோது கவுனின் இடது தோள் முழுக்க நனைந்திருந்தது. இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிட்டாள். அன்றைக்கும் அழவில்லை, அதற்குப் பிறகும் அழவில்லை. அங்கே என்ன நடந்தது என்று நானும் கேட்டுப் பார்த்தேன். “ஒண்ணுமில்லம்மா” என்பாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. கொள்ளி வைக்கும் உரிமை அவளுக்கு இல்லை என்று சொன்னவர்களே, கொள்ளி வைத்தவருக்கு உண்டான கட்டுப்பாடு எல்லாவற்றையும் அவள் தலையில் கட்டினார்கள். கோயிலுக்குப் போகக் கூடாது. அடுத்த வீட்டுக் காதுகுத்தில் முன்னால் நிற்கக் கூடாது. வருடம் திரும்பும்வரை மலை ஏறக் கூடாது. மலை என்றால் சாமி இருக்கிற மலை, ஆனால் அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளிக்கூடத்தில் கல்வராயன் மலை அருவிக்குப் பிள்ளைகளை அழைத்துப் போனபோது, அவள் பெரியப்பா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, “மலன்னா மலதான்” என்று சொல்லிவிட்டுப் போனார். வகுப்பு முழுக்க வேனில் போயிற்று. இவள் அன்று என்னோடு கடைக்கு வந்து, தாள்களை ஓரம் தட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். அப்பா செத்த மலைக்கு இவளை அனுப்ப எனக்கும் மனம் இல்லாததால் அன்றைக்கு நான் வாய் திறக்கவில்லை.

பொங்கல் வந்தது. எங்கள் வீட்டில் பொங்கல் கிடையாது, பங்காளி வீடுகளிலும் கிடையாது. வாசலில் கோலம் இல்லை, புதுத்துணி இல்லை. அக்கம்பக்கத்தில் கரும்பும் பொங்கலும் கொண்டுவந்து கொடுத்தார்கள், வாங்கி வைத்தோம். அது எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான், அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் மாட்டுப் பொங்கலன்று சாயங்காலம் மகள் என்னிடம் வந்து, “நாளைக்கு நான் வெளையாட்டுல சேரலாமா?” என்று கேட்டாள். ஆடியிலிருந்து அவள் வாயைத் திறந்து வேண்டும் என்று கேட்ட முதல் விஷயம் அதுதான். அப்போதே முடிவு செய்துவிட்டேன், என் தலையை அடமானம் வைத்தாவது இவளை விளையாட வைப்பது என்று.

போட்டியை நடத்துகிற இளைஞர் மன்றத்துத் தலைவன் நல்ல பையன். கேட்டதும், “தாராளமா வரட்டும்க்கா. பானை ஒடைக்கறதுலயே பேரு போட்டுடறேன். அண்ணன் இருந்தா போட்டிருப்பாரு இல்ல?” என்றான். இது எப்படியோ பெரியப்பா காதுக்குப் போய்விட்டது. விளக்கு வைக்கும் நேரத்துக்கு வந்துவிட்டார்.

“இன்னாம்மா, வருசம் திரும்பறதுக்குள்ள புள்ளய வெளையாட வுடறன்னு சொல்லிகினு இருக்கியாமே. ஊருல நாலு பேரு இன்னா பேசுவான்?” என்றார்.

“மாமா, உங்க புள்ளயும் நாளைக்கு வெளையாடத்தான போறான்? பங்காளித் தீட்டு அவனுக்கு இல்லியா?”

“அவன் கொள்ளி வைக்கலியே.”

“அன்னிக்குப் பொட்டப்புள்ள கொள்ளி வைக்கக் கூடாதுன்னீங்க. இன்னிக்குக் கொள்ளி வச்ச புள்ள வெளையாடக் கூடாதுன்றீங்க. அவ பொட்டப்புள்ளயா, கொள்ளி வச்சவளா? ஒண்ணச் சொல்லுங்க. ஆம்பளைக்கு உண்டானது எல்லாம் அவளுக்கும்னா, அவ அப்பன் பாகத்தையும் சேத்து பேசிடலாம்.”

பாகம் என்ற சொல்லை நான் வேண்டுமென்றேதான் போட்டேன். அவர் முகம் சுண்டிவிட்டது. நல்லவர்தான், தம்பி பிணத்தின் மேல் விழுந்து அழுதவர், ஆனால் ஏரிக்குக் கீழே இருக்கிற நிலத்தைப் பற்றி யாராவது பேசினால் உடனே வேறொருவராகிவிடுவார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “வெளையாடட்டும். பானை மட்டும் வேணாம்” என்றார். எனக்கும் அவள் கண்ணைக் கட்டிக்கொண்டு பானைக்கு முன்னால் நிற்பதைப் பார்க்கத் தெம்பு இல்லை. சரி என்றேன்.

உள்ளே போய்ச் சொன்னபோது மகள் கேட்டாள்: “ஏன் பானை மட்டும் வேணாம்? நான்தான் ஏற்கெனவே ஒடைச்சிருக்கனே.”

அவள் வீம்புக்குக் கேட்கவில்லை. எனக்கு முன்அனுபவம் உண்டு, என்னைச் சேர்த்துக்கொள்ளலாமே என்கிற மாதிரிதான் கேட்டாள். நான் அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

மறுநாள் போட்டி ஆரம்பித்தது. நானும் போகக் கூடாதவள்தான், ஆனால் டிரான்ஸ்பார்மர் கம்பத்துக்குப் பக்கத்தில் ஓரமாக நின்றுகொண்டேன். அங்கிருந்து எல்லாம் தெரியும், என்னோடு பேச வேண்டிய கட்டாயமும் யாருக்கும் இல்லை. மகள் பழைய நீலச் சுடிதாரைப் போட்டுக்கொண்டு இரட்டைப் பின்னலை இறுக்கிப் போடச் சொல்லியிருந்தாள். எலுமிச்சம்பழம் பாதி தூரத்திலேயே விழுந்துவிட்டது. சாக்கு ஓட்டத்தில் கடைசிக்கு முன்னால் வந்தாள். வந்தபோது மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகத் தெருவோடு மல்லுக்கு நின்றது சரிதான் என்று நினைத்தேன். அதோடு நிறுத்திக்கொண்டு வீட்டுக்குக் கூட்டிப் போயிருக்கலாம்.

மியூசிக்கல் சேருக்கு நாற்காலிகளை முதுகோடு முதுகு வைத்து வரிசை போட்டார்கள். பிள்ளைகள் வட்டமாக நின்றன. மைக்செட் தம்பி பாட்டைப் போட்டான், ஓடின, நிறுத்தினான். ஒரு பையன் வெளியே போனான். மறுபடி பாட்டு, மறுபடி நிறுத்தம். என் மகள் ஒவ்வொரு முறையும் உட்கார்ந்துவிட்டாள். ‘சுறுசுறுப்பாகிவிட்டாளே’ என்று எனக்குப் பெருமை. நாற்காலிகள் பாதியாகக் குறைந்த பிறகுதான் எங்கேயோ உறுத்தியது. சத்தம் சரியில்லை. வழக்கமாக இந்த ஆட்டத்தில் பாட்டு நின்றதும் ஓவென்று ஒரு கூச்சல் கிளம்பும், நாற்காலி புரளும், யாராவது அழும். இன்றைக்கு மற்ற பிள்ளைகளுக்குள் அந்த இடிபாடு இருந்தது, அவளைச் சுற்றி மட்டும் இல்லை.

அதற்குப் பிறகு அவளை மட்டும் பார்த்தேன். அவளுக்கு முன்னால் போகிற பிள்ளை கொஞ்சம் வேகமாகப் போனது. பின்னால் வருகிற பிள்ளை கொஞ்சம் தயங்கி வந்தது. அவளுக்கு முன்னும் பின்னும் ஒரு ஆள் நிற்கிற இடம் காலியாகவே இருந்தது. அவளும் கவனித்துவிட்டாள் போலிருக்கிறது. நடையை மெதுவாக்கினாள். பின்னால் வந்தவர்களும் மெதுவாக்கினார்கள்.

பாட்டு நின்றது. ஒரு நாற்காலியில் பாதி இவளும் பாதி பக்கத்து வீட்டுப் பெண்ணும் உட்கார்ந்தார்கள். முன்பு இடித்துப் பல்லை விழ வைத்த அதே பெண், இவளுடைய உயிர்த் தோழி. இடித்தால் இவள் கீழே விழுந்துவிடுவாள், அவள் அவ்வளவு வாட்டசாட்டம். அவள் இடிக்கவில்லை. இவள்மேல் உடம்பு பட்டதும் எழுந்தாள், கூட்டத்தில் தன் அம்மா நிற்கிற பக்கம் ஒரு பார்வை பார்த்தாள், தானாகவே கோட்டைத் தாண்டி வெளியே போய்விட்டாள். அவள் அம்மா தலையை ஆட்டியதையும் பார்த்தேன். எனக்கு உச்சந்தலை சூடாகிவிட்டது.

கடைசியில் ஒரே நாற்காலி. ஒரு பக்கம் என் மகள், இன்னொரு பக்கம் அவள் பெரியப்பா மகன், அன்றைக்குக் கொள்ளி வைக்கக் குளித்துவிட்டு வந்து வெறுமனே நின்ற பையன். பாட்டு நின்றபோது நாற்காலி அவன் முழங்காலுக்கு நேரே இருந்தது. கொஞ்சம் குனிந்தால் போதும். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். இவளும் உட்காரவில்லை, அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். மைக்செட் தம்பி, “யாராச்சும் குந்துங்கப்பா, சேரு வாடகைக்கு எடுத்தது” என்று மைக்கில் கிண்டல் செய்தான். சிலர் சிரித்தார்கள். அவன் இன்னும் ஒரு அடி பின்னால் போனான். “குந்தும்மா” என்று மைக் சொன்ன பிறகு அவள் உட்கார்ந்தாள்.

கைதட்டல் வானத்தைப் பிளந்தது. எந்த வருடமும் யாருக்கும் அப்படித் தட்டியதில்லை. மன்றத்துப் பையன் டப்பாவை அவள் கையிலேயே கொடுத்தான், தோளைத் தட்டினான். அவள் அதை வாங்கிக்கொண்டு நேராக டிரான்ஸ்பார்மர் பக்கம் வந்தாள். முகத்தில் சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. “வூட்டுக்குப் போலாமா?” என்றாள். அவளைப் போகச் சொல்லிவிட்டு நான் பெண்கள் நிற்கிற பக்கம் போனேன்.

தீட்டு பார்த்துத்தான் பிள்ளைகளை விலகச் சொல்லியிருக்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆண் ஒருவன் கொள்ளி வைத்தால் காரியம் முடிந்த மறுநாளே எல்லாரோடும் தோளில் கை போட்டு டீ குடிப்பான். பெண் வைத்தால் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியாது, அதனால் தாங்களே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்கள் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டுக்காரி கையைப் பிடித்து இழுத்து ஓரமாக நிறுத்தினேன்.

“எம் பொண்ணு மேல பட்டா உம் பொண்ணுக்கு இன்னாடி ஒட்டிக்கும்? தீட்டுன்னு சொல்லி அனுப்பிச்சியா?”

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கண் கலங்கிவிட்டது. “ஐயோ, அக்கா, இன்னா பேசறீங்க? தீட்டுன்னு யாரு சொன்னது? இடிக்காத, விட்டுக்குடுன்னுதான் சொன்னேன். நான் மட்டும் இல்ல, எல்லாருமே அவங்க அவங்க புள்ளைங்க கிட்ட சொல்லித்தான் அனுப்பிச்சோம். உங்க ஓரகத்திதான் முதல்ல வந்து சொன்னாங்க, அப்பா இல்லாத புள்ள, இந்தத் தபாவாச்சும் ஜெயிக்கட்டும்னு.”

சுற்றி நின்ற பெண்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஒருத்தி முகத்திலும் கெட்ட எண்ணம் இல்லை. பெரியப்பா மனைவி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். அவளோடு நான் ஆடியிலிருந்து பேசவில்லை. தீட்டு என்று சொல்லியிருந்தால் எனக்கு வழி தெரியும். வீடு வீடாகப் போய்ச் சண்டை போட்டிருப்பேன், கலெக்டர் அலுவலகத்துக்கு மனு அடித்திருப்பேன், மனு அடிப்பதுதானே என் பிழைப்பு. இதற்கு யார்மேல் மனு கொடுப்பது? அவர்கள் என் பெண்ணுக்கு நல்லது செய்துவிட்டு நின்றுகொண்டிருந்தார்கள். கையை விட்டுவிட்டுத் திரும்பி நடந்தேன். கொஞ்ச தூரம் வந்த பிறகு ஒரு நன்றியாவது சொல்லியிருக்க வேண்டுமோ என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக அவர்கள்மேல் இன்னும் ஆத்திரம் வந்தது.

வீட்டில் மகள் டப்பாவைக் கிரைண்டர்மேல் வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெளியே பானை உடைக்கிற கூச்சல் கேட்டது. பானை எவன் கையிலோ உடைந்தது, எல்லாரும் கத்தி ஓய்ந்தார்கள்.

“யாருமே என்னத் தள்ளலம்மா” என்றாள்.

“ம்.”

“நான் வேணும்னேதான் மெதுவா போனேன். அப்பவும் சேரு காலியாவே இருந்திச்சி.”

அவள் தோழி எழுந்து போனதைப் பற்றி ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் தரையில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

“சுடுகாட்டுலயும் இப்படித்தாம்மா. நான் நடந்தா எல்லாரும் நவுந்து நவுந்து வழி வுட்டாங்க. பானை வச்சிகினு சுத்தும்போது கிட்டக்கவே யாரும் இல்ல. பெரியப்பா அழுதுகினு இருந்தாரு, அவர் கிட்ட போலாம்னு போனேன். அவரும் நவுந்துட்டாரு.”

அவ்வளவுதான் சொன்னாள். நான் அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டிருக்க வேண்டும், எந்தத் தாயும் அதைத்தான் செய்வாள். எனக்கு அது போதாது என்று பட்டது. மடியில் போட்டுக்கொள்ள ஆடியிலிருந்து எத்தனையோ பேர் வந்துவிட்டார்கள். அவள் எல்லார் மடியிலும் அடங்கிக் கிடந்துவிட்டு எழுந்து வந்தவள்.

வெளியே மைக்கில், அடுத்ததாகப் பெண்களுக்கான மியூசிக்கல் சேர் என்று சொன்னார்கள். நான் எழுந்து பாயைச் சுருட்டி மூலையில் வைத்தேன். வீட்டில் இருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியைக் கூடத்துக்கு நடுவில் இழுத்துப் போட்டேன்.

“எழுந்திரு.”

“இன்னாத்துக்கு?”

“எழுந்திருடி.”

பாட்டு ஆரம்பித்தது. நாற்காலியைச் சுற்றி நான் நடந்தேன், அவளும் எழுந்து, என்னைப் பார்த்துக்கொண்டே பின்னால் நடந்தாள். பாட்டு நின்றதும் அவளை இடுப்பால் ஒரு இடி இடித்துவிட்டு உட்கார்ந்தேன். சுவரில் போய் மோதினாள். நம்ப முடியாமல் பார்த்தாள். மறுபடி பாட்டு. மறுபடி நின்றது. அவள் நாற்காலிக்கு முன்னால் நின்றுகொண்டு எனக்கு வழி விட்டாள், கையைப் பின்னால் வைத்துக்கொண்டு, அந்தப் பையன் நின்ற மாதிரியே. நான் அவள் தோளைப் பிடித்து நாற்காலியை விட்டுத் தள்ளினேன். கீழே விழுந்தாள். பலமாகத்தான் தள்ளியிருக்கிறேன், வளையல் ஒன்று உடைந்துவிட்டது.

அடுத்த முறை பாட்டு நீளமாக ஓடியது. அவள் மூச்சு விடுவது எனக்குப் பின்னால் கேட்டது. பாட்டு நின்றபோது தலையைக் குனிந்துகொண்டு, முழங்கையை மடக்கிக்கொண்டு, என் விலாவில் வந்து மோதினாள். நாற்காலி புரண்டது, நான் அதன்மேல் விழுந்தேன், அவள் என்மேல் விழுந்தாள். விழுந்தவள் எழுந்திருக்கவில்லை. என் தோளிலும் மார்பிலும் இரண்டு கையாலும் அடித்தாள். அடித்துக்கொண்டே அழுதாள். வாயைப் பிளந்துகொண்டு, மூக்கு ஒழுக, அப்பா அப்பா என்று அடிவயிற்றிலிருந்து அழுதாள். வெளியே அடுத்த பாட்டைப் போட்டுவிட்டிருந்தார்கள், தெருவில் யாருக்கும் கேட்டிருக்காது. நானும் அழுதேன், ஆனால் அவள் கையைப் பிடிக்கவில்லை.

வெகு நேரம் கழித்து எழுந்து உட்கார்ந்தாள். கழுத்தில் சுற்றிக் கிடந்த துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள். கவிழ்ந்து கிடந்த நாற்காலியை நிமிர்த்திப் பழைய இடத்தில் வைத்தாள்.

“இன்னொரு தபாம்மா” என்றாள்.

விலா வலித்தது. கையை ஊன்றி எழுந்தேன். இருவரும் சுற்றத் தொடங்கினோம். பாட்டு நின்றது. நான் விட்டுக்கொடுக்கவில்லை.